மிருகம், பத்துக் கொம்பு, 666: கடைசிக்கால தீர்க்கதரிசனத்தை யார் எப்படி வாசிக்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தையும் தானியேலையும் பற்றி வேதபாட வகுப்புகளிலும் வாலிபர் கூட்டங்களிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. எந்தச் சபைக்காரர் கேட்டாலும் உதவ வேண்டும் என்பதற்காகப் பல தரப்பு விளக்கங்களையும் சொல்லியிருக்கிறேன். எனக்கு எது சரியாகப் படுகிறது என்பதையும் மறைக்கவில்லை. கத்தோலிக்க வாசகர்கள் ‘வெளிப்படுத்தின விசேஷம்’ என்று வரும் இடங்களில் ‘திருவெளிப்பாடு’ என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரே வேதாகமம். விளக்கம் மட்டும் ஏன் சபைக்குச் சபை மாறுகிறது?

“இதெல்லாம் எப்போது?” என்ற ஒரு கேள்விக்குச் சொல்லும் பதில்தான் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. வெளிப்படுத்தின விசேஷத்தில் சொன்னவற்றில் பெரும்பகுதி முதல் நூற்றாண்டிலேயே நடந்து முடிந்தது என்பவர்கள் ஒரு சாரார். இதைக் கடந்தகாலப் பார்வை எனலாம். அப்போஸ்தலர் காலம் முதல் உலக முடிவு வரையிலான சபைச் சரித்திரம் வரிசையாக எழுதப்பட்டிருக்கிறது என்பது சரித்திரப் பார்வை. நான்காம் அதிகாரம் முதல் வருவதெல்லாம் இனிமேல்தான் நடக்கும் என்பது எதிர்காலப் பார்வை. எந்தக் குறிப்பிட்ட சம்பவத்தையும் சுட்டாமல், தேவனுடைய ராஜ்யத்துக்கும் தீமைக்கும் எக்காலத்திலும் நடக்கும் போராட்டத்தைப் படமாகக் காட்டுகிறது என்பது அடையாளப் பார்வை.

ஓர் உதாரணம்: அந்தப் புத்தகத்தின் 9-ஆம் அதிகாரத்தில் பாதாளக் குழியிலிருந்து வெட்டுக்கிளிகள் புறப்பட்டு, ஐந்து மாதம் மனுஷரை வேதனைப்படுத்துகின்றன. எதிர்காலப் பார்வைக்காரருக்கு அவை வரப்போகும் பிசாசின் சேனை. சிலர் ஹெலிகாப்டர் என்றுகூடச் சொல்லியிருக்கிறார்கள். சரித்திரப் பார்வையில் அவை 7-ஆம் நூற்றாண்டில் கிளம்பிய அரேபியப் படைகள். ஐந்து மாதம் என்பது 150 நாள்; ஒரு நாளுக்கு ஒரு வருஷம் என்ற கணக்கில் 150 வருஷம். கடந்தகாலப் பார்வைக்காரர், கி.பி. 70-இல் ரோமத் தளபதி தீத்துவின் படை எருசலேமை ஏறத்தாழ ஐந்து மாதம் முற்றுகையிட்டதைக் காட்டுவார். அடையாளப் பார்வையில் அது பாவம் மனுஷனுக்குள் செய்யும் வேதனை. வசனம் ஒன்றுதான். அதை எந்த நூற்றாண்டில் கொண்டுபோய் வைப்பது என்பதில்தான் நால்வரும் பிரிகிறார்கள்.

எதை அடையாளமாக எடுப்பது, எதை நேரடியாக எடுப்பது? “வேதத்தை அப்படியே எடுக்க வேண்டும்” என்கிறாரே எங்கள் பாஸ்டர்?

எல்லாவற்றையும் அப்படியே எடுப்பவர் யாரும் இல்லை. 5:6-இல் ஏழு கொம்பும் ஏழு கண்ணும் உள்ள ஆட்டுக்குட்டி நிற்கிறது. பரலோகத்தில் அப்படி ஒரு பிராணியைப் பார்ப்போம் என்று எந்தப் பாஸ்டரும் எதிர்பார்ப்பதில்லை. கோடு எங்கே போடுவது என்பதில்தான் வழக்கு.

சில இடங்களில் புத்தகமே பதிலைச் சொல்லிவிடுகிறது. ஏழு குத்துவிளக்குகள் ஏழு சபைகள் (1:20). தூபவர்க்கம் பரிசுத்தவான்களின் ஜெபம் (5:8). வலுசர்ப்பம் சாத்தான் (12:9). வேசி உட்கார்ந்திருக்கும் தண்ணீர்கள் ஜனங்கள், ஜாதிகள் (17:15). இந்த இடங்களில் யாருக்கும் பெரிய சண்டை இல்லை.

மிச்சத்துக்குப் பழைய ஏற்பாட்டைத் திறக்க வேண்டும். 13-ஆம் அதிகார மிருகத்துக்குச் சிறுத்தையின் உடல், கரடியின் கால், சிங்கத்தின் வாய். தானியேல் 7-இல் தனித்தனியாக வந்த மிருகங்களை யோவான் ஒரே உடலில் சேர்த்துவிட்டார். கலசங்களில் வரும் வாதைகள் எகிப்தின் வாதைகள். செய்தித்தாளைத் திறப்பதற்கு முன் தானியேலையும் எசேக்கியேலையும் யாத்திராகமத்தையும் திறந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும் என்பது என் கட்சி.

666 யார்?

மிருகத்தின் எண் 666 என்றும் “புத்தியுடையவன் கணக்குப்பார்க்கக்கடவன்” என்றும் 13:18 சொல்வதால் அன்று முதல் இன்று வரை கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். எபிரெயத்திலும் கிரேக்கத்திலும் எழுத்துகளே எண்களாகவும் பயன்பட்டன. எனவே ஒரு பெயரைக் கூட்டித் தொகை சொல்வது அன்றைக்கு எல்லாருக்கும் தெரிந்த பழக்கம்.

இன்றைய வேத அறிஞர்களில் பெரும்பாலோர் சொல்வது, முதல் நூற்றாண்டு ரோமப் பேரரசன் நீரோ. ‘நீரோன் கேசர்’ என்ற கிரேக்க உச்சரிப்பை எபிரெய எழுத்தில் எழுதினால் நூன் 50, ரேஷ் 200, வாவ் 6, நூன் 50, கோஃப் 100, சாமெக் 60, ரேஷ் 200. கூட்டினால் 666. சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் 666-க்குப் பதில் 616 இருக்கிறது. எகிப்தின் ஆக்சிரிங்கஸ் குப்பைமேட்டில் கிடைத்த ஒரு பாப்பிரஸ் துண்டும் 616 என்றே சொல்கிறது. லத்தீன் உச்சரிப்பில் ‘நீரோ’ என்று முடித்தால் கடைசி நூன் போய்விடும். 50 குறைந்தால் 616! இரண்டு எண்ணையும் ஒரே பெயர் விளக்குகிறது என்பதுதான் இந்தத் தரப்பின் பெரிய பலம். செத்துப்போன நீரோ திரும்பி வருவான் என்ற வதந்தி அந்த நாட்களில் ராஜ்யமெங்கும் உலாவியது. சாவுக்கேதுவான காயம் ஆறிப்போன தலையைப் பற்றிய 13:3-ஐ அதோடு சேர்த்து வாசிக்கிறார்கள்.

எதிர்த்தரப்பு சும்மா இருக்கவில்லை. கிரேக்கத்தில் எழுதிய புத்தகத்துக்கு எபிரெயக் கணக்கு எதற்கு என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இரண்டாம் நூற்றாண்டில் சபை ஆசிரியர் ஐரேனியஸ் இதே எண்ணை ஆராய்ந்தபோது எவாந்தஸ், லாத்தீனோஸ், தெய்த்தான் என்று மூன்று பெயர்களை எடுத்துப் பார்த்தார். நீரோவை அவர் சொல்லவே இல்லை. 616 என்ற பாடம் அவருக்குத் தெரிந்திருந்தது. அது பிழை என்று தள்ளினார். பேர் சொல்லவேண்டிய அவசியம் இருந்திருந்தால் தரிசனம் கண்டவரே சொல்லியிருப்பார் என்றும் எழுதினார்.

அடையாளப் பார்வைக்காரர் கணக்கே போடுவதில்லை. ஏழு பூரணம், ஆறு அதற்குக் குறைவு, மூன்று முறை முயன்றும் எட்டாதது என்பார்கள். பிரசங்கத்துக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் வசனம் ‘கணக்குப் பார்’ என்கிறதே!

அப்படியானால் கையிலும் நெற்றியிலும் போடும் மிருகத்தின் முத்திரை (13:16-17) ஆதாரா, பார்கோடா, தடுப்பூசியா?

1970-களில் கடைச் சாமான்களில் பார்கோடு வந்தபோது அதற்குள் மூன்று ஆறு ஒளிந்திருக்கிறது என்றார்கள். பிறகு கிரெடிட் கார்டு, பிறகு தோலுக்கடியில் வைக்கும் சிப். மிசோரமில் சில கிறிஸ்தவர்கள் ஆதார் எடுக்க மறுத்தது செய்திகளில் வந்தது. 2021-இல் கொரோனா தடுப்பூசிக்கும் இதே பட்டம் கிடைத்தது. எதிர்காலப் பார்வையில் கவனமாகப் போதிப்பவர்களே இதை ஏற்பதில்லை. அவர்கள் வாசிப்பின்படி முத்திரை என்பது மிருகத்தை வணங்குகிறேன் என்று தெரிந்து எடுக்கும் தீர்மானம். ரேஷன் கடை வரிசையில் நின்று அறியாமல் வாங்கிக்கொள்ளும் பொருள் அல்ல.

13-ஆம் அதிகாரத்தை முடித்த கையோடு அடுத்த வசனத்தையும் வாசியுங்கள். 14:1-இல் ஆட்டுக்குட்டியானவரோடு நிற்கிறவர்களின் நெற்றியிலும் ஒரு நாமம் எழுதப்பட்டிருக்கிறது. பிதாவின் நாமம். அது கண்ணுக்குத் தெரியும் எழுத்து என்று யாரும் சொல்வதில்லை. மிருகத்தின் முத்திரை மட்டும் எலெக்ட்ரானிக் சிப் என்றால், பக்கத்து வசனத்தில் இருக்கும் நாமத்தை என்ன செய்வது? கையிலும் நெற்றியிலும் அடையாளம் என்பது உபாகமம் 6:8-இலிருந்து வரும் மொழி. யாருக்குச் சொந்தம், யார் சொல்படி நடக்கிறாய் என்பதே அங்கே பேச்சு. ராயன் (ரோமப் பேரரசன்) வழிபாடு நடந்த சின்ன ஆசியாவின் (இன்றைய துருக்கி) பட்டணங்களில் ராயனுக்குத் தூபம் காட்டாதவனுக்கு வியாபாரம் கடினம். “கொள்ளவும் விற்கவும் கூடாது” என்ற வரி அங்கிருந்த தொழிலாளிக்கும் வியாபாரிக்கும் உடனே புரிந்திருக்கும்.

தானியேலின் நான்கு மிருகங்கள் எந்தெந்த ராஜ்யங்கள்?

பாபிலோன், மேதிய-பெர்சியா, கிரேக்கு, ரோம் என்பது பாரம்பரிய விடை. நான்காம் நூற்றாண்டு முடிந்து ஐந்தாம் நூற்றாண்டு பிறந்த சமயத்தில் வாழ்ந்த ஜெரோமும் இதைத்தான் சொன்னார். ஞாயிறு பள்ளிச் சுவரில் தொங்கும், தானியேல் 2-இன் பொன் தலைச் சிலையின் படமும் இதே வரிசைதான். பல்கலைக்கழக ஆய்வாளர்களில் அதிகம் பேர் பாபிலோன், மேதியா, பெர்சியா, கிரேக்கு என்று பிரிக்கிறார்கள். அந்த வரிசையில் நான்காம் மிருகத்தில் முளைக்கும் சின்னக் கொம்பு, சீரியாவை ஆண்ட கிரேக்க ராஜா அந்தியோகஸ் எப்பிபானஸ், கி.மு. 167-இல் எருசலேம் ஆலயத்தின் அன்றாட பலியை நிறுத்தியவன். இது நவீன காலத்துக் கண்டுபிடிப்பும் அல்ல. மூன்றாம் நூற்றாண்டில் கிறிஸ்தவத்தை எதிர்த்த போர்ஃபிரி என்ற தத்துவஞானி இப்படித்தான் வாதிட்டார். அவருக்குப் பதில் சொல்வதில்தான் ஜெரோமின் தானியேல் உரையில் பெரும்பகுதி செலவாகிறது.

பாரம்பரிய தரப்புக்குக் கையில் ஒரு நல்ல சீட்டு உண்டு: தானியேல் 8:20. இரண்டு கொம்புள்ள ஒரே ஆட்டுக்கடா மேதியா, பெர்சியா இரண்டையும் குறிக்கிறது என்று அங்கே விளக்கப்படுகிறது. ஒரே அதிகாரத்தில் ஒன்றாக இருப்பதை முந்தின அதிகாரத்தில் ஏன் இரண்டாக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். ஆனால் 8-ஆம் அதிகாரத்தின் சின்னக் கொம்பு கிரேக்கிலிருந்துதான் கிளம்புகிறது. 7-ஆம் அதிகாரத்தின் சின்னக் கொம்பும் அவனே என்று எதிர்த்தரப்பு அதே பக்கத்தைப் புரட்டிக் காட்டும்.

பத்துக் கொம்பு ஐரோப்பிய ஒன்றியம் என்கிறார்களே, பிரதர்?

மிருகத்தின் பத்துக் கொம்பு பத்து ராஜாக்கள் என்கிறது தானியேல் 7:24. 1981-இல் கிரீஸ் சேர்ந்தபோது, ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சரியாகப் பத்து நாடுகள் ஆயின. அன்றைக்குப் பிரசங்க மேடைகளில் இருந்த உற்சாகம் கொஞ்சநஞ்சமல்ல. 1986-இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் சேர்ந்து பன்னிரண்டாயின. பிறகு 28 வரை போய், பிரிட்டன் வெளியேறியபின் 27. அதன்பின் பத்து நாடல்ல, பத்து மண்டலம் என்று விளக்கம் மாறியது.

ஒரு நாள் ஒரு வருஷம் என்று எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

எண்ணாகமம் 14:34-உம் எசேக்கியேல் 4:6-உம் இதற்கு ஆதாரம். இரண்டிலும் ஒரு நாளுக்கு ஒரு வருஷம் என்று வெளிப்படையாக இருக்கிறது. சரித்திரப் பார்வைக்காரர் இதைத் தீர்க்கதரிசனம் முழுவதற்கும் சட்டமாக்கினார்கள். வெளிப்படுத்தின விசேஷம் 12:6-இன் 1260 நாள் 1260 வருஷம் ஆகிறது. செவந்த்-டே அட்வென்டிஸ்டுகள் அதைப் போப்பின் ஆதிக்கக் காலமாக எடுத்து 538 முதல் 1798 வரை என்கிறார்கள். 1798-இல்தான் பிரெஞ்சுத் தளபதி பெர்த்தியே ரோமுக்குள் நுழைந்தார். போப் ஆறாம் பயஸ் சிறைபிடிக்கப்பட்டார்.

இந்தக் கணக்கின் மிகப் பெரிய சோதனை அமெரிக்காவில் நடந்தது. தானியேல் 8:14-இன் 2300 நாட்களை வில்லியம் மில்லர் என்ற பாப்டிஸ்ட் பிரசங்கி கி.மு. 457-இலிருந்து எண்ணினார். அவர் இயக்கத்தார் கடைசியாகக் குறித்த தேதி 1844 அக்டோபர் 22. விளைந்த பயிரை அறுக்காமல் விட்டுக் காத்திருந்தவர்களும் உண்டு. கர்த்தர் வரவில்லை. பலர் விசுவாசத்தையே விட்டார்கள். மிச்சமிருந்தவர்களில் ஒரு பகுதியார், தேதி சரி, பூமியை அல்ல, பரலோக ஆசரிப்புக் கூடாரத்தைப் பற்றியது அந்த வசனம் என்று மறுவாசிப்புச் செய்தார்கள். அங்கிருந்துதான் அட்வென்டிஸ்ட் சபை எழும்பியது.

ஐசக் நியூட்டனும் இந்தக் கணக்கில் இறங்கியவர்தான். கி.பி. 800-இலிருந்து 1260 வருஷம் எண்ணி 2060 என்று ஒரு தாளில் எழுதி வைத்தார். அவசரக்காரர்கள் நாள் குறித்துத் தவறிப்போய் வேதத்துக்கு அவமானம் தேடித் தருவதை நிறுத்தத்தான் இதைச் சொல்வதாகவும் கூடவே எழுதினார்.

இரகசிய வருகை வேதத்தில் இருக்கிறதா?

1 தெசலோனிக்கேயர் 4:17-இல் விசுவாசிகள் மேகங்களில் எடுத்துக்கொள்ளப்படுவது இருக்கிறது. அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஏழு வருஷ உபத்திரவத்துக்கு முன்பே, உலகம் அறியாமல், சபை மட்டும் எடுக்கப்படும் என்ற ஒழுங்கு 1830-களில் அயர்லாந்து, இங்கிலாந்து பிரதரன் கூட்டத்தாரிடையே ஜான் நெல்சன் டார்பி வகுத்துப் பரப்பியது. 1909-இல் வந்த ஸ்கோஃபீல்டு குறிப்பு வேதாகமம் அதை ஊரெங்கும் கொண்டுபோனது. நம் ஊரில் பிரதரன், பெந்தெகொஸ்தே சபைகளின் கன்வென்ஷன் மேடைகளில் இது மூச்சுக்கு மூச்சு வரும். லுத்தரின் சிறிய ஞானோபதேசத்திலோ ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்திலோ தேடினால் கிடைக்காது.

அவர்கள் வாதம் லேசானது அல்ல. வெளிப்படுத்தின விசேஷம் 3:10-இல் சோதனைக் காலத்துக்குத் தப்பும்படி காப்பேன் என்று பிலதெல்பியா சபைக்கு வாக்கு இருக்கிறது. அதே புத்தகத்தில் நான்காம் அதிகாரம் தொடங்கி 22:16 வரை ‘சபை’ என்ற பேச்சே இல்லை; ஏனென்றால் சபை அப்போது பூமியில் இல்லை என்கிறார்கள். மறுப்பவர்கள் 13:7-ஐக் காட்டுகிறார்கள்: மிருகம் பரிசுத்தவான்களோடு யுத்தம்பண்ணுகிறது. அவர்கள் சபை இல்லையென்றால் வேறு யார்? 1 தெசலோனிக்கேயர் 4:16-இன்படி ஆரவாரமும் பிரதான தூதனுடைய சத்தமும் தேவ எக்காளமும் முழங்க நடப்பதில் இரகசியம் எங்கே என்றும் கேட்கிறார்கள்.

பவுல் எழுதிய காலத்தில் ராஜாவோ பெரிய அதிகாரியோ வந்தால் ஊரார் வெளியே போய் எதிர்கொண்டு, கூடவே ஊருக்குள் அழைத்து வருவார்கள். ஊர் எல்லையில் மாப்பிள்ளையை எதிர்கொள்ளப் போனவர்கள் அவரோடு அங்கிருந்தே வேறு ஊருக்குப் போய்விடுவதில்லையே! 1 தெசலோனிக்கேயர் 4:17-உம் கர்த்தரை வரவேற்றுப் பூமிக்கு அழைத்து வரும் காட்சி என்றே எனக்குப் படுகிறது.

ஆயிரவருட அரசாட்சி எப்போது?

வெளிப்படுத்தின விசேஷம் 20-ஐ மட்டும் நம்பி நிற்கும் போதனை இது. அந்த ஒரே அதிகாரத்தில் ‘ஆயிரம் வருஷம்’ ஆறு முறை வருகிறது.

ஜஸ்டின், ஐரேனியஸ் போன்ற ஆரம்பகால ஆசிரியர்கள் கிறிஸ்து வந்தபின் பூமியில் நேரடி அரசாட்சி என்று நம்பினார்கள். ஐந்தாம் நூற்றாண்டில் அகஸ்டின் இதைத் திருப்பிப்போட்டார்: ஆயிரம் என்பது நிறைவான ஒரு காலம், சபையின் இன்றைய காலமே அது. கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ், லுத்தரன், பெரும்பாலான சீர்திருத்த சபைகள் இன்றும் ஏறக்குறைய இந்த வழியில்தான் நிற்கின்றன. கிறிஸ்து பூமிக்கு வந்து கண்கூடாக ஆளுவார் என்ற போதனையை, மிதமான வடிவத்தில்கூட, பத்திரமாகப் போதிக்க முடியாது என்று 1944-இல் ரோம் தீர்ப்புச் சொன்னது. மூன்றாம் வகையினர், சுவிசேஷம் உலகத்தை வென்று பொற்காலம் பிறந்தபின் கிறிஸ்து வருவார் என்றவர்கள். அமெரிக்காவின் ஜானதன் எட்வர்ட்ஸ் அப்படி நம்பினார். 19-ஆம் நூற்றாண்டு மிஷனரிகள் பலரும் நம்பினார்கள். முதல் உலகப் போர் அந்த நம்பிக்கையை அநேகமாக ஆட்டிவிட்டது.

நேரடியாக எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பயங்கர உதாரணம் 1534-35-இல் ஜெர்மனியின் மூன்ஸ்டர். புதிய எருசலேம் இதுவே என்று சொல்லி ஊரைப் பிடித்த அனபாப்டிஸ்ட் கூட்டத்தில் லெய்டன் யான் தன்னை ராஜா என்று அறிவித்தான். பலதார மணம், மரணதண்டனை, முற்றுகை, பட்டினி, முடிவில் படுகொலை. ஆனால் ஆயிரவருட அரசாட்சியை நேரடியாக நம்புகிற அமைதியான சபைகளை இந்தக் கணக்கில் சேர்ப்பது அநியாயம்.

போப்தான் அந்திக்கிறிஸ்து என்று சீர்திருத்தக்காரர்கள் சொன்னார்களாமே?

ஆமாம், வெளிப்படையாகவே. லுத்தர் சொன்னார். 1646-இல் முடிந்த வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை அதை எழுத்திலேயே வைத்தது. பிற்காலத்தில் அமெரிக்க பிரஸ்பிட்டேரியன் சபைகள் அந்த வரியை எடுத்துவிட்டன. இந்தக் குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல வந்தவர்கள் இரண்டு ஸ்பானிய இயேசு சபைக் குருக்கள். 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சிஸ்கோ ரிபேரா, அந்திக்கிறிஸ்து இனிமேல் வரப்போகிற ஒருவன் என்று எழுதினார். 1614-இல் அச்சான நூலில் லூயிஸ் தே அல்காசார், எல்லாம் யூதரிடமும் பழைய ரோமிடமும் நிறைவேறிவிட்டது என்றார். இன்று போப்பைக் கடுமையாகத் தாக்கும் சில எதிர்காலப் பார்வைப் பிரசங்கிகள் ஓர் இயேசு சபைக் குருவின் சட்டகத்துக்குள் நின்றுதான் தாக்குகிறார்கள் என்பது வேடிக்கை.

அந்திக்கிறிஸ்து என்ற சொல் வெளிப்படுத்தின விசேஷத்தில் ஓரிடத்திலும் இல்லை. யோவானின் நிருபங்களில் மட்டுமே உண்டு. அங்கேயும் 1 யோவான் 2:18 ‘அநேக அந்திக்கிறிஸ்துகள்’ ஏற்கெனவே வந்துவிட்டதாகச் சொல்கிறது.

மகா பாபிலோன் என்ற வேசி எந்தப் பட்டணம்?

17:9 ஏழு மலைகளைச் சொல்வதால் ரோம் என்பதே நேரடியான பதில். சிலர் தீர்க்கதரிசிகளைக் கொன்ற எருசலேம் என்கிறார்கள். வேறு சிலர் ஈராக்கில் பாபிலோன் மறுபடி கட்டப்படும் என்று காத்திருக்கிறார்கள்.

12-ஆம் அதிகாரத்தில் பிள்ளை பெறும், சூரியனை அணிந்த ஸ்திரீ மரியாளா?

கத்தோலிக்க வாசிப்பில் மரியாளும் சபையும் சேர்ந்தே. புரொட்டஸ்டன்ட் வாசிப்பில் பெரும்பாலும் இஸ்ரவேல் அல்லது தேவஜனம். சூரியன், சந்திரன், பன்னிரண்டு நட்சத்திரம் என்பது ஆதியாகமம் 37-இல் யோசேப்பு கண்ட சொப்பனத்தை நினைவூட்டுவதால் இஸ்ரவேல் என்ற வாதம் வலுவாகவே இருக்கிறது. பிள்ளை மேசியா என்பதால் தாயை மறுப்பதும் எளிதல்ல.

1,44,000 பேர்தான் பரலோகம் போவார்களா?

யெகோவா சாட்சிகள் இதை நிஜத் தொகையாக எடுக்கிறார்கள். அத்தனை பேருக்கே பரலோகம், மற்ற விசுவாசிகளுக்குப் பூமி. எதிர்காலப் பார்வையில் உபத்திரவ காலத்தில் ஊழியம் செய்யும் யூதர்கள். மற்றவர்களுக்கு 12 × 12 × 1000, முழு தேவஜனம். 7-ஆம் அதிகாரக் கோத்திரப் பட்டியலில் தாண் இல்லை. யோசேப்பும் அவன் மகன் மனாசேயும் தனித்தனியாக இருக்கிறார்கள். தாண் விடுபட்டதற்கு அந்திக்கிறிஸ்து அந்தக் கோத்திரத்தில் பிறப்பான் என்று ஐரேனியஸ் காரணம் சொன்னார். இப்படி எங்குமில்லாத வரிசை, மக்கள்தொகைக் கணக்கு போலத் தெரியவில்லை.

கோகு, மாகோகு என்றால் ரஷ்யாவா?

எசேக்கியேல் 38-இல் கோகு ஆளும் மேசேக் என்றால் மாஸ்கோ, தூபால் என்றால் தொபோல்ஸ்க் என்பது ஒலியை வைத்துச் சொல்வது. அசீரியக் கல்வெட்டுகளில் வரும் முஷ்கி, தபால் என்ற ஜனங்கள் இன்றைய துருக்கியில் இருந்தவர்கள். யார் பயமுறுத்துகிறார்களோ அவர்களே கோகு என்பது பழைய வழக்கம். ஜொசீபஸுக்குச் சீத்தியர், அம்புரோசுக்குக் கோத்தியர், லுத்தருக்குத் துருக்கியர், பனிப்போர்க் கால அமெரிக்கருக்குச் சோவியத்.

1948-இல் அத்திமரம் துளிர்த்துவிட்டதே?

மத்தேயு 24:32-இன் அத்திமரம் 1948-இல் உருவான இஸ்ரவேல் தேசம், ‘இந்தச் சந்ததி’ 40 வருஷம் என்று வைத்து 1988 என்றார்கள். அந்த வருஷம் வந்து போனது. அமெரிக்காவில் ஹாரால்டு கேம்பிங் என்ற வானொலிப் பிரசங்கி வேறு கணக்கில் 2011 மே 21 என்றார். தவறியதும் அக்டோபர் 21 என்றார். லூக்கா 21:29-இல் இதே உவமையில் ‘அத்திமரத்தையும் மற்றெல்லா மரங்களையும்’ பாருங்கள் என்று இருக்கிறது. மற்ற மரங்கள் எந்தெந்த தேசம் என்று யாரும் சொல்வதில்லை.

ஆர்த்தடாக்ஸ் சபைகள் இதையெல்லாம் பேசுவதே இல்லையே?

பைசாந்திய மரபின் ஆராதனை வாசிப்புகளில் வெளிப்படுத்தின விசேஷம் கிடையாது. பழைய சீரிய வேதாகமத்திலும் அது முதலில் இடம்பெறவில்லை. மேற்கிலும் தயக்கம் இருந்தது. 1522 முன்னுரையில் லுத்தர் இந்தப் புத்தகத்தைப் பற்றிச் சந்தேகத்தோடுதான் எழுதினார். ஏறக்குறைய முழு புதிய ஏற்பாட்டுக்கும் உரை எழுதிய கால்வின் இதற்கு எழுதவில்லை.

எங்கள் சபையில் போதிப்பது இதில் எந்தப் பார்வை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மூன்று இடங்களைக் கவனித்தால் போதும். “காலம் சமீபமாயிருக்கிறது” என்ற 1:3-ஐ முதல் வாசகர்களுக்கே சொன்னதாக எடுத்தால் கடந்தகாலப் பார்வை. 1260 நாளுக்கு வருஷம் எண்ணினால் சரித்திரப் பார்வை. தானியேல் 9-இன் எழுபது வாரங்களில் அறுபத்தொன்பதுக்கும் எழுபதுக்கும் நடுவே சபையின் காலம் முழுவதையும் இடைவெளியாக விட்டால் எதிர்காலப் பார்வை. மூன்று இடத்திலும் தேதியும் சம்பவமும் பேசாமல் தாண்டினால் அடையாளப் பார்வை.

சுத்தமாக ஒரே பார்வையில் நிற்பவர்கள் குறைவு. எபேசு முதல் லவோதிக்கேயா வரை ஏழு சபைகளைச் சபைச் சரித்திரத்தின் ஏழு காலகட்டங்களாகச் சொல்லி, நாம் லவோதிக்கேயா காலத்தில் இருக்கிறோம் என்று போதிப்பவரைக் கேட்டிருப்பீர்கள். இரண்டு, மூன்றாம் அதிகாரங்களில் அவர் சரித்திரப் பார்வைக்காரர். நான்காம் அதிகாரம் திறந்ததும் எதிர்காலப் பார்வைக்குத் தாவிவிடுவார். ஸ்கோஃபீல்டு குறிப்புகளிலேயே இந்தக் கலப்பு இருக்கிறது.